அண்ணிக்குச் செய்த கத்தி

என் வாயைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் மற்றது எதுவும் விளங்காது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கொஞ்சம் என்று நான் சொல்கிறேன், என் அண்ணனைக் கேட்டால் வேறு அளவு சொல்வான். தொழிற்சாலையில் சாணைப் பிரிவில் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். மழுங்கிப்போன டிரில், கட்டர் எல்லாம் எங்களிடம் வரும், கூராக்கித் திருப்பி அனுப்புவோம். ஒரு விளிம்பைக் கண்ணால் பார்த்தே கோணம் எவ்வளவு என்று சொல்லிவிடுவேன். அளந்து பார்த்தால் சரியாகவும் இருக்கும். அந்தத் தெனாவட்டு இருக்கிறதே, அதுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

அண்ணன் வீடு கீழே. மொட்டைமாடியில் இருக்கும் ஒற்றை அறை எனக்கு. தனிக்கட்டைக்குத் தனி அடுப்பு எதற்கு என்று அண்ணி ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டதால், சாப்பாடு கீழேதான். அண்ணி ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் காய் நறுக்குகிறாள். நானூறு நோயாளிகளுக்கான காய். ஆறு பலகைகள் வரிசையாக இருக்கும், முதல் பலகை அண்ணியுடையது. பக்கத்துப் பலகைக்காரியோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே, குனிந்துகூடப் பார்க்காமல், ஒரு கூடை கேரட்டை அளவெடுத்த மாதிரி நறுக்கித் தள்ளுவாள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களை அண்ணி பக்கத்தில் நிறுத்தி, 'இவங்க கையைப் பாருங்க' என்பார்களாம்.

ஒரு நாள் சாப்பிடும்போது அண்ணி அலுத்துக்கொண்டாள். "இந்தக் கடைக் கத்தி ரெண்டே நாள்ல மொக்கையாயிடுது. பூசணிக்காய எடுத்தாலே அது அழுதுடும் போல இருக்கு."

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? "கடைல விக்கிறதெல்லாம் ஒரு கத்தியா அண்ணி? வெறும் தகரம். நான் செஞ்சு தரேன் பாருங்க, பேரன் பேத்தி வரைக்கும் வரும்."

"இதுக்கு முன்னாடி நீ எத்தன கத்தி செஞ்சிருக்க?" என்றான் அண்ணன்.

"பதினெட்டு வருஷமா கூராக்குறவளுக்குச் செய்யத் தெரியாதா?"

"நான்கூட நாப்பத்தஞ்சு வருஷமா சாப்பிடுறேன். எனக்குச் சமைக்கத் தெரியுமா?"

அண்ணி புரையேறும் அளவுக்குச் சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. அப்போதே முடிவு பண்ணிவிட்டேன், இவன் மூக்கை உடைக்கிற மாதிரி ஒரு கத்தி.

கழித்துப்போட்ட பழைய அரம் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். அரத்தின் எஃகு நல்ல எஃகு. மொட்டைமாடியில் ஒரு இரும்பு வாளிக்குள் களிமண் பூசி, கரி போட்டு, தலைமுடி காயவைக்கிற டிரையரை ஊதுகுழலாக வைத்தேன். அரத்தைச் சிவக்கக் காய்ச்சிச் சாம்பலுக்குள் புதைத்து மெல்ல ஆறவிட்டால் இளகிவிடும். அப்புறம் அறுத்து, ராவி, உருவம் கொண்டுவர வேண்டும். சொல்ல எளிது. உள்ளங்கையில் நாலு கொப்புளம். ஒரு பக்கம் ராவினால் மறுபக்கம் கோணிக்கொள்ளும். மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் சாப்பாட்டு நேரத்தில் வாய் கிழியப் பேசினேன். கத்தி எப்படி வருகிறது என்று யாரும் கேட்காமலே சொன்னேன்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை மறுபடி சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினேன். புகை அடங்கியதும் எடுத்து, விளிம்பில் வேறொரு அரத்தை வைத்து இழுத்தேன். கண்ணாடிமேல் இழுத்த மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. அவ்வளவு கடினம்! மாடியில் நான் மட்டும்தான் இருந்தேன், இருந்தாலும் கைதட்டினேன்.

இனிமேல்தான் விஷயம். சிவக்கக் காய்ச்சி முக்கின எஃகு கடினமாக இருக்கும், ஆனால் எளிதில் நொறுங்கும், தட்டினால் சில்லு தெறிக்கும். அதை மறுபடி மிதமான சூட்டில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்துக் கொஞ்சம் இளக்க வேண்டும். பதம் போடுவது என்று அதற்குப் பேர். பதம் போடாத கத்தியைக் கையில் கொடுக்கக் கூடாது. இது எனக்குத் தெரியாதா? தெரியும். நன்றாகத் தெரியும்.

உலைப் பிரிவில் எங்களோடு வேலை செய்கிறவர் ஒருவர் இருக்கிறார். நாள் முழுக்க நெருப்பு முன்னால் நிற்பதால் டீயை ஆறவைத்துத்தான் குடிப்பார், அதனால் அவருக்கு 'ஆறின டீ' என்று பேர். நான் கத்தி செய்கிற பெருமையைக் கேட்டுவிட்டு முந்தின வாரமே அவர் சொன்னார்: "பதம் போடாம குடுத்துடாதீங்க. கொண்டு வாங்க, சின்ன உலைல வெச்சு எடுத்துத் தரேன்."

நான் கொண்டுபோகவில்லை. கத்தியின் முதுகு நேராக இல்லை, அதை அவர் பார்த்துவிடுவார். அது ஒன்று. அந்தக் கண்ணாடிக் கடினம் குறைந்துவிடுமே என்ற ஆசை இன்னொன்று. எல்லாவற்றுக்கும் மேலே, ஞாயிறு ராத்திரி தருகிறேன் என்று கீழே தம்பட்டம் அடித்துவிட்டேன். மெஷினில் மாட்டுகிற கட்டரெல்லாம் இதைவிடக் கடினம், அது உடைகிறதா என்று எனக்கு நானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டேன். மெஷின் கட்டரை அசையாமல் பிடித்திருக்கும், மனுஷக் கை அப்படிப் பிடிக்காது. அதுவும் எனக்குத் தெரியும்.

பளபளவென்று தேய்த்து, மரக் கைப்பிடி மாட்டி, சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். அண்ணி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அப்புறம்தான் தொட்டாள். ஒரு வெங்காயத்தை எடுத்து நறுக்கினாள். அவ்வளவு மெல்லிசான துண்டை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தபோது, அதன் வழியே அந்தப் பக்கம் நிற்கிற அண்ணன் முகம் தெரிந்தது. அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"எனக்குன்னு ஒருத்தரும் இதுவரைக்கும் ஒண்ணும் செஞ்சதில்ல," என்றாள் அண்ணி. கண் கலங்கியிருந்தது. வெங்காயம் என்று அண்ணன் கேலி செய்தான். வெங்காயம் இல்லை என்று எனக்குத் தெரியும். பதம் போடாத கத்தியைக் கொடுத்துவிட்டு அந்தக் கண்ணீரையும் நான் வாங்கிக்கொண்டேன்.

அதைத் துணியில் சுற்றி வேலைக்கு எடுத்துப்போனாள். "என் நாத்தனார் செஞ்சது, யாரும் தொடாதீங்க" என்று அங்கே ஒரே அமர்க்களமாம். ஒன்பது நாள் அப்படிப் போயிற்று. பத்தாவது நாள் சாயங்காலம் கத்தியை என்னிடம் நீட்டினாள்.

"லேசா ஒரு பல்லு விழுந்த மாதிரி இருக்கு, பாரேன்."

விளிம்பில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு பொக்கை. பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் எங்கள் சாணைப் பிரிவில் ஒரு பழக்கம் உண்டு. மெஷின் ஓட்டுகிறவர் யாராவது உடைந்த டிரில்லோடு வந்தால், அதைக் கையில் வாங்குவதற்கு முன்னாலேயே நாங்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். அவர் என்ன சொன்னாலும் சரி, சீட்டில் 'கையாண்டவர் தவறு' என்று எழுதிவிடுவோம். பதினெட்டு வருஷமாகக் கேட்ட கேள்வி தானாக வாயில் வந்து நின்றது.

"கீழ போட்டீங்களா?"

"இல்லையே. போடலையே."

"அப்ப பலகை மேல ஓங்கி அடிச்சிருப்பீங்க. நல்ல சாமானுக்கு நல்ல கை வேணும் அண்ணி."

அண்ணன் "அப்படிப் போடு!" என்று சிரித்தான். அண்ணியும் சிரிக்கப் பார்த்தாள். அப்புறம் தன் வலது கையைத் திருப்பி ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் பேசாமல் இருந்தேன்.

மறுநாள் பொக்கையைத் தேய்த்துச் சரிசெய்து திருப்பிக் கொடுத்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். அதற்குப் பதிலாக, "இனிமே பார்த்துப் புழங்குங்க" என்றேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது, இப்போது நினைத்தால்.

அடுத்த வாரம் நான் ஷிப்ட் முடிந்து வந்தபோது அண்ணி வீட்டில் இருந்தாள். அந்த நேரத்துக்கு வருகிறவள் இல்லை. மேஜைமேல் கத்தி இருந்தது. விளிம்பில் அரிசி அளவுக்கு ஒரு துண்டு இல்லை.

என்ன ஆயிற்று என்று அவளே சொன்னாள். கேரட் முழுவதும் நறுக்கி அண்டாவில் போட்டு வெந்தும் ஆகிவிட்டது. கத்தியைத் துடைக்கும்போதுதான் பார்த்திருக்கிறாள். பலகை, தரை, சாக்கடை வாய் எல்லாம் தேடினாளாம். கிடைக்கவில்லை. யாருக்கும் தெரியாது, சும்மா இருந்திருக்கலாம். அவள் இருக்கவில்லை. நேராக சூப்பர்வைசரம்மாவிடம் போய், சாப்பாட்டில் இரும்பு விழுந்திருக்கலாம் என்று சொல்லிவிட்டாள். இரண்டு அண்டா சாப்பாட்டைக் கொட்டினார்கள். நோயாளிகளுக்கு ஒன்றரை மணி நேரம் தாமதமாக ரொட்டியும் பாலும் போனது.

"எப்படி ஆச்சுன்னு கேட்டாங்க. நான்தான் கத்திய ஓங்கி அடிச்சுட்டேன்னு சொன்னேன்," என்றாள் அண்ணி. அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மன்னிச்சுடும்மா. நீ அவ்வளவு பாடுபட்டுச் செஞ்சத நான் கெடுத்துட்டேன். நீ சொன்னது சரிதான். என் கை முன்ன மாதிரி இல்ல."

கேட்டீர்களா? என்னிடம் அவள் மன்னிப்புக் கேட்டாள். பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. "விடுங்க அண்ணி" என்று மட்டும் சொன்னேன். ஊரையே வளைத்துப் பேசுகிற வாய், அன்றைக்கு அவ்வளவுதான் பேசியது. கத்தியை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடிவந்துவிட்டேன்.

மறுநாள் அதை ஆறின டீயிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் உடைந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பதம் போடலையா?"

"இல்ல."

"தெரியாமலா?"

"தெரிஞ்சுதான்."

திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் தேவலை என்று இருந்தது. அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு டீயை எடுத்துக் குடித்தார். நாலு பேர் முன்னால் காறித் துப்பியிருந்தால்கூட அவ்வளவு கூசியிருக்காது.

அன்றைக்கே இன்னும் மூன்று நாலு பழைய அரம் கேட்டு வாங்கி வந்தேன். இந்த முறை யாரிடமும் மூச்சு விடவில்லை, ராத்திரித் தூக்கத்தை விட்டு ராவினேன். முதலில் ராவியது எண்ணெயில் முக்கும்போது வாழைப்பழம் மாதிரி வளைந்துபோனது. தூக்கிப் போட்டேன். அடுத்ததில் விளிம்பு தடித்துவிட்டது, வெங்காயத்தை நறுக்காமல் பிளந்தது. அதுவும் போயிற்று. மூன்றாவதை முக்கி எடுத்த கையோடு ஆறின டீயிடம் கொண்டு ஓடினேன். சின்ன உலையில் இரண்டு மணி நேரம் வைத்தோம். வைக்கோல் மஞ்சள் நிறத்தில் வெளியே வந்தது, பதம் ஏறியதற்கு அதுதான் அடையாளம். அதை இடுக்கியில் மாட்டி வளைத்துப் பார்த்தேன், திரும்பி வந்தது. கெட்டி மரக்கட்டையில் இருநூறு தடவை கொத்தினேன். ஒவ்வொரு ஐம்பதுக்கும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒரு பல்லும் விழவில்லை.

இதற்குள் இரண்டு வாரம் ஓடிவிட்டது. கீழே அண்ணி ஒரு வெங்காயம் நறுக்க ஐந்து நிமிஷம் எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு வெட்டுக்கும் கையைப் பார்த்தாள். ஊர்க்கதை பேசுவது நின்றுபோனது. இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நானும் அதே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டேன், வெட்கமில்லாமல். வெட்கமில்லாமல் என்றா சொன்னேன்? வெட்கம் இருந்தது, தொண்டைவரைக்கும் இருந்தது. சோற்றோடு சேர்த்து அதையும் மென்று விழுங்கினேன்.

எனக்கு ஒரு யோசனை இருந்தது. கோழைத்தனமான யோசனை. சூப்பர்வைசரம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொல்லி அண்ணியின் பேரைச் சரிசெய்துவிடுவது. அண்ணியிடம் புதுக் கத்தியைக் கொடுத்து, பழையதில் எஃகு சரியில்லை என்று பொத்தாம்பொதுவாக ஏதாவது சொல்லிவிடுவது. சாப்பாட்டு மேஜையில் என் மூஞ்சி தப்பிக்கும். ஒரு மதியம் அரை நாள் விடுப்புப் போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

சூப்பர்வைசரம்மா இடுப்பில் சாவிக்கொத்தோடு, மூட்டைகளை எண்ணிக்கொண்டு நின்றாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கத்தி செய்தது நான், பதம் போடாமல் கொடுத்ததும் நான், அண்ணிமேல் தப்பே இல்லை, தயவுசெய்து அவளைப் பழையபடி நடத்துங்கள் என்றேன்.

"நாங்க எங்கம்மா அவங்கள மாத்துனோம்?" என்றாள் அவள். "தானா வந்து சொன்னவங்கள நான் ஏன் தண்டிக்கப் போறேன்? அவங்களேதான் மறுநாள் வந்து, கை சரியில்ல, பாத்திரம் கழுவப் போறேன்னு நின்னாங்க. எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேக்கல."

"பாத்திரமா?"

"வீட்ல சொல்லலையா?" அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இத எங்கிட்ட வந்து சொல்லி என்ன பிரயோஜனம்? அவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க."

கதவு வழியாகப் பார்த்தேன். முதல் பலகையில் வேறு யாரோ நின்று தட்டுத்தடுமாறி நறுக்கிக்கொண்டிருந்தார்கள். கடைசியில், தொட்டிப் பக்கம், அண்ணி முழங்கைவரை சோப்புத் தண்ணீரில் கையை விட்டு ஒரு அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருஷம் அந்தப் பலகையில் நின்றவள். நான் திருடி மாதிரி சுவரோரமாக வெளியே வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். இதே மேஜையில், அண்ணன் கேட்கத்தானே அவள்மேல் பழி போட்டேன்? அப்படியானால் இதே மேஜையில்தான்.

"அண்ணி, நீங்க கீழ போடல," என்றேன்.

"எத?"

"கத்திய. ஓங்கியும் அடிக்கல. உங்க கைல ஒரு குறையும் இல்ல. நான்தான் பதம் போடாம குடுத்தேன். அப்படிக் குடுத்தா யார் கைல இருந்தாலும் சில்லு தெறிக்கும்."

அண்ணி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "எப்பத் தெரியும் உனக்கு?"

"குடுக்கும்போதே தெரியும்."

"மொதல்ல பல்லு விழுந்துதே, அப்ப?"

"அப்பவும் தெரியும்."

"அடிப்பாவி!" என்று அண்ணன் எழுந்துவிட்டான். அண்ணி இடது கையைக் காட்டி அவனை உட்காரச் சொன்னாள். போய்க் கை கழுவிக்கொண்டு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தாள். கத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் குரல் உயரவே இல்லை.

"பொழுது விடிஞ்சா கையத்தான் பார்க்குறேன். நடுங்குதா, நடுங்கலையான்னு. அங்கயே நரம்பு டாக்டர்கிட்ட காட்டினேன். ஊசி வெச்சுக் குத்தியெல்லாம் பார்த்தாரு. ஒண்ணுமே இல்ல, நல்ல கைன்னாரு. நான் அவர நம்பல. உன்ன நம்பினேன்."

எனக்கு அழுகை வந்தது. அழுதால் அதற்கும் அவள்தான் சமாதானம் சொல்ல வேண்டிவரும் என்று பல்லைக் கடித்து அடக்கினேன். "மன்னிச்சுடுங்க அண்ணி" என்றேன். அவள் தட்டுகளை எடுத்து ஓரமாக அடுக்கினாள். நான் மாடிக்குப் போய்ப் புதுக் கத்தியை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தேன்.

அவள் தொடவில்லை. "இதுல என்ன குறை? மொதல்ல அதச் சொல்லு."

ஒண்ணும் இல்ல என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"முதுகு நேரா இல்ல. நடுவுல லேசா வளைஞ்சிருக்கு."

"அப்புறம்?"

"பழசு அளவுக்குக் கூரு நிக்காது. வாரத்துக்கு ஒரு தடவ தீட்டணும்."

"அப்புறம்?"

"கைப்பிடி உங்களுக்குப் பெருசு. என் கைக்கு வெச்சுப் பார்த்துப் பண்ணிட்டேன்."

"உடையுமா?"

"வளைச்சுப் பார்த்தேன், இருநூறு தடவ கட்டைல கொத்திப் பார்த்தேன். உடையல. அதுக்கு மேல எனக்குத் தெரியாது அண்ணி."

எனக்குத் தெரியாது என்று நான் சொல்லி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. அண்ணன்கூட நிமிர்ந்து பார்த்தான். அண்ணி ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், கத்தியைப் பார்க்கவில்லை.

"நாளைக்குப் போய்ப் பலகை கேக்கப் போறேன்," என்றாள் கடைசியில். "இத எடுத்துட்டுப் போக மாட்டேன். எப்ப எடுத்துட்டுப் போவேன்னும் கேக்காத. கைப்பிடிய மட்டும் சரி பண்ணி வை."

"சரி அண்ணி."

"அளவு எடுத்துக்கோ."

வலது கையை மேஜைமேல் நீட்டினாள். இரண்டு வாரச் சோப்புத் தண்ணீரில் விரல் இடுக்கெல்லாம் வெடித்து, உள்ளங்கைத் தோல் உரிந்து, சில இடத்தில் சிவப்புத் தெரிந்தது. அண்ணன் நூல்கண்டை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். நான் அந்தக் கையைச் சுற்றி நூலைக் கொண்டுவந்தேன். வெடிப்பில் பட்டபோது அவள் "ஸ்ஸ்" என்று இழுத்தாள், ஆனால் கையை எடுக்கவில்லை. நான் தலையை நிமிர்த்தாமலே முடிச்சுப் போட்டேன்.